மிச்சமிருந்த பத்து அங்குலம்

எனக்குப் பௌதிகம் தெரியும் என்று அந்த நாளில் மூன்று பேர் நம்பினார்கள். ஒருவர் என் மாமனார். இன்னொருவர் ஒரு சர்க்கார் அதிகாரி. மூன்றாவது ஆள் நான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நல்ல தொழிலாளியின் பிழைப்பைக் கெடுத்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தில் என் மாமனாருக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். மாமனாருக்குக் காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டித் தோட்டம். நிலக்கடலை காய் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு இறங்கி வந்து, உழவு மாடு கூட உழாத ஆழத்துக்கு உழுதுவிட்டுப் போகும். அவற்றைச் சுடுவதற்காக மாமனாரிடம் லைசென்ஸோடு ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறியபோது மாமனாருக்குக் கைமாறியது. துரை கையில் இருந்தவரை அது சுட்டது. மாமனார் கைக்கு வந்து முதல் சில வருஷமும் சுட்டது. அப்புறம் சத்தம் மட்டும் போட்டது.

ஒரு பருவத்தில் பதினோரு தடவை சுட்டார். பன்றிகள் பதினோரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. இதற்கு மாமனார் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“வெடிச் சத்தம் கேட்டதும் பன்னி படுத்துக்குதுங்க மாப்ளே. குண்டு மேல போயிருது.”

குண்டு மேலே போகவில்லை, பன்றியின் காலடியில் மண்ணைத்தான் கிளப்பியது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். படுத்த பன்றிக்குக் காலடியில் வரும் குண்டு நேராக வயிற்றில் அல்லவா படவேண்டும்? தவிரவும், குண்டும் சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய்ச் சேரும். சத்தத்தைக் கேட்டு, யோசித்து, படுக்க முடிவு செய்வதற்குப் பன்றிக்கு நேரம் ஏது? இதையெல்லாம் நான் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

விஷயம் முற்றியது ஒரு கல்யாணப் பந்தியில். மாமனாரின் பங்காளி ஒருவர், தோட்டம் ஒட்டின தோட்டம், இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கும்போது சத்தமாக, “ஏனுங்க, உங்க தோட்டத்துப் பன்னிகளுக்குச் சீர் ஏதாச்சும் செய்யறீங்களா? எங்க பக்கம் வரவே மாட்டேங்குதுங்களே” என்று கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. மரியாதையாகக் கேட்ட கேள்வி என்பதால் மாமனாரால் எழுந்து சண்டை போடவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ‘ங்க’ போட்டே ஒரு மனிதனைத் தோலுரித்துவிடலாம்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி. தன் கை சரி, துப்பாக்கிதான் கோளாறு என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டும். துப்பாக்கி கோளாறு என்றால் அதைப் பழுது பார்த்தவன் கோளாறு.

பழுது பார்த்தவர் கோயம்புத்தூர்க் கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருந்த சாயபு. ஜில்லாவிலேயே துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருந்த சொற்பப் பேரில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். குழலைக் கழற்றி வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒரு சுற்றுச் சுற்றுவார். அவ்வளவுதான், உள்ளே எங்கே துரு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். மாமனார் அந்த வருஷம் இரண்டு தடவை துப்பாக்கியை அவரிடம் கொண்டுபோனார். இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். மேட்டுப்பாளையம் ரயிலில் துப்பாக்கியை ஜமக்காளத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். துடியலூர் தாண்டும்வரை எதிர்ப் பலகையில் ஒருவரும் உட்காரவில்லை.

சாயபு வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். விசையைத் தட்டினார். எண்ணெய் துடைத்தார். கடைசியில் சொன்னார்:

“எல்லாம் பாத்துப்போட்டேனுங்க கவுண்டரே. குழல் நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்குது. நான் கை வெக்கக் கூடாதது ஒண்ணுதான் பாக்கி. அதை உங்க ஊட்டுலயே பாத்துக்கோணுமுங்க.”

அது என்ன என்று நாங்கள் கேட்டிருக்கலாம். மாமனார் அதைச் சாமி குற்றம் என்று எடுத்துக்கொண்டார். நான், படிக்காதவர் ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கேள்வி கேட்கிற பழக்கம் இல்லை.

ரயிலில் திரும்பும்போது மாமனார் என்னைப் பார்த்தார். “மாப்ளே, நீங்க சயன்ஸ் படிச்சவுருதானுங்க? குண்டு எப்படிப் போகோணும்னு ஒரு கணக்கு இருக்குமல்லங்க?”

இருக்கிறது என்று சொன்னேன். அங்கே தொடங்கியது சனி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டில் என் பிரசங்கம் நடந்தது. குண்டு எப்படிப் போகிறது என்பதைப் பற்றி அங்கே ஒரு சித்தாந்தம் நிலவியது. குண்டு நேராகப் போகும், அதன் வேகம் தீர்ந்ததும் பொத்தென்று விழும். பண்ணையத்து ஆட்களும் மாமனாரும் மற்ற எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் ஒரே கட்சி. நான் வெற்றிலைத் தட்டத்திலிருந்து இரண்டு கொட்டைப்பாக்கை எடுத்தேன். கட்டில் விளிம்பில் ஒன்றை வைத்து விரலால் சுண்டிவிட்டேன். அதே சமயம் இன்னொன்றை விளிம்பிலிருந்து சும்மா நழுவவிட்டேன். சுண்டியது தூரமாய்ப் போய் விழுந்தது, நழுவியது காலடியில் விழுந்தது. ஆனால் தரையில் பட்ட சத்தம் ஒன்றுதான்.

“பாத்தீங்களா? குண்டும் இப்படித்தானுங்க. குழலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே விழ ஆரம்பிச்சுடும். எவ்வளவு வேகமாப் போனாலும் பூமி இழுக்கறது இழுக்கறதுதான். வேகமாப் போனா, விழறதுக்குள்ளே தூரம் போயிடுது, அவ்வளவுதான்.”

என் மாமியார் குனிந்து பாக்கைப் பொறுக்கித் துடைத்துத் தட்டத்தில் வைத்தார். “பாக்கு வேணும்னா வெட்டித் தாரனுங்க மாப்ளே, கீழ போடாதீங்க” என்றார். என் வீட்டுக்காரி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்க, நீங்க துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “சும்மா கேட்டனுங்க” என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்து பரீட்சை. நாற்பது கஜம் அளந்து, வரப்பில் ஒரு ஈச்சம்பாயை நிறுத்தி, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டோம். மாமனார் மண் மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டு, ஐந்து தடவை சுட்டார். இரண்டு குழலிலும் மாற்றி மாற்றி. ஐந்து ஓட்டையும் ஒரு சாணுக்குள் அடங்கின. ஆனால் வட்டத்துக்கு நேர் கீழே, சரியாக ஓர் அடி தள்ளி.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்து தடவையும் ஒரே இடத்தில் தவறுகிறவன் தவறாகச் சுடுகிறவன் அல்ல. இரண்டு தனித்தனிக் குழலும் ஒரே அளவு கீழே சுட்டால் கோளாறு குழலில் இருக்காது, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கும். இது எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும், நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அன்று தெரியவில்லை. என் கவனமெல்லாம் கணக்கின் மேல் இருந்தது, கணக்கு அவ்வளவு அழகாக வந்தது.

குண்டின் வேகம் விநாடிக்கு ஆயிரத்து இருநூறு அடி என்று வைத்துக்கொண்டேன். நாற்பது கஜம் என்பது நூற்றிருபது அடி. ஆகவே பயணம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் பூமி இழுக்கும் வீழ்ச்சி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. காற்றின் தடையை விட்டுவிட்டேன். பாடப்புத்தகமும் விட்டுவிடும். பாடப்புத்தகத்தில் யாரும் பன்றி சுடுவதில்லை. விழுந்தது பன்னிரண்டு அங்குலம். அதில் இரண்டு பூமியின் கணக்கு. மீதி பத்து?

மீதி பத்து அங்குலத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். பூமி தன் பங்கை ஒப்புக்கொண்டுவிட்டது. மாமனாரைச் சொல்ல முடியாது. நான் சொன்னேன்: குழல் வளைந்திருக்கிறது, சூடு காட்டிப் பழுது பார்த்ததில் வளைந்திருக்க வேண்டும்.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. “எழுதிக் குடுத்துப்போடுங்க மாப்ளே” என்றார்.

எழுதினேன். முழுத் தாளில், சிவப்பு மையிலும் நீல மையிலும் படம் போட்டு, குண்டின் பாதையை வளைகோடாக வரைந்து, சூத்திரங்களை வரிசையாக இறக்கி, கீழே என் பட்டத்தோடு கையெழுத்துப் போட்டேன். என் பட்டத்தை வைத்து அதுவரை ஒருவரும் எதுவும் கேட்டதில்லை. மாமனார் அதை ஒரு மனுவோடு கோத்து, துப்பாக்கி லைசென்ஸ் பார்க்கும் ஆபீசுக்கு அனுப்பினார். பழுது பார்க்கத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது, அதை ரத்து செய்ய வேண்டும் என்று மனு. சாயபுவுக்கு விசாரணைக்கு நாள் குறித்துக் காகிதம் போயிற்று.

அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே கூப்பிட்டும் வராமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, ரெண்டு குழலும் ஒரே பக்கமா, ஒரே அளவா வளையுமுங்களா?”

உஷ்ணத்தில் உலோகம் விரிவதைப் பற்றி நான் பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிங்க, படிச்சவுங்க சொல்றீங்க” என்று போய்விட்டார். அந்த ‘சரிங்க’ இன்னும் எனக்குச் சரியாகவில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. தோட்டத்து வீட்டில் கலப்பை, மண்வெட்டி, அரிவாள், மாடு கட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைக்கும் சால், வண்டிச் சக்கரம் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். போன வருஷத்துப் பொட்டெல்லாம் தண்ணீரோடு போயிற்று. துப்பாக்கியை மட்டும் கழுவவில்லை. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்து அப்படியே வைத்தார்கள். மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். கலப்பைக்குக் கொழுவில் பொட்டு, அரிவாளுக்கு மூக்கில் பொட்டு. துப்பாக்கிக்கு வந்தபோது, குழல் முனையில் குறி பார்ப்பதற்காக ஒரு சின்னப் பித்தளை மணி, குறிக்காய் என்பார்கள், இருக்குமே, சரியாக அதன் தலையில் சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினார். அதற்கு நெற்றி அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யாருக்குத்தான் தோன்றாது?

அடியில் போன வருஷத்துப் பொட்டு இருந்தது. அதன் அடியில் அதற்கு முந்தின வருஷத்துப் பொட்டு. சந்தனமும் துப்பாக்கி எண்ணெயும் சேர்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிப்போயிருந்தது. பித்தளை மணி கண்ணுக்கே தெரியவில்லை. மாமனார் இத்தனை வருஷமாக மணியைப் பார்த்துக் குறி வைக்கவில்லை, பொட்டைப் பார்த்துக் குறி வைத்திருக்கிறார். குறிக்காய் உயர்ந்தால், அதைப் பன்றிக்கு நேராகக் கொண்டுவர குழல் முனையைத் தாழ்த்தத்தானே வேண்டும்? துப்பாக்கி கீழே பார்த்துச் சுட்டது. பக்தியோடு சுட்டது.

கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டேன். குழல் முப்பது அங்குலம். நாற்பது கஜம் அதைப்போல நாற்பத்தெட்டு மடங்கு. பத்து அங்குலத்தை நாற்பத்தெட்டால் வகுத்தால் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பூஜை முடிந்ததும் ஈரச் சந்தனத்தை வழித்துவிட்டு, பழைய காரையைப் பேனாக்கத்தியால் பெயர்த்து அளந்தேன். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளிலேயே இவ்வளவு துல்லியமாக வந்தது இது ஒன்றுதான். அப்போது சந்தோஷப்பட முடியவில்லை.

மாமனாரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பாயை நிறுத்தி மறுபடி சுட்டுப் பார்த்தார். குண்டு வட்டத்துக்குள் போயிற்று. இன்னொன்று. அதுவும் போயிற்று. அவர் முகம் மலர்ந்தது, உடனே கறுத்தது.

மாமியார் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்ப நான் வெச்ச பொட்டுனாலதான் பன்னி தப்பிச்சுப் போச்சுங்களா?” என்று கேட்டார். பிறகு அவரே, “அதுக்கென்னுங்க, இனிமே கட்டையில வெச்சுப்போட்டாப் போகுது. சாமி எங்க வெச்சாலும் ஏத்துக்கும்” என்றார். வருஷக்கணக்காக ஓடின பிரச்சினையை அவர் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டார். படிக்காதவர் அல்லவா.

“மாமா, மனுவை வாபஸ் வாங்கிடலாமுங்க” என்றேன்.

“வாங்கலாமுங்க. என்ன காரணம் சொல்றது? ஊட்டுல பொட்டு வெச்சாங்க, அதனால குறி தப்பிப்போச்சுன்னு ஆபீசர்கிட்ட நான் சொல்லோணுமா? அது நாளைக்குப் பங்காளி காதுக்குப் போகாதுங்களா?” அவர் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். “நீங்க எழுதினது நீங்களே பாத்துக்கோங்க மாப்ளே.”

சாயபுவின் பட்டறைக்குப் போனேன். கத்தியால் பெயர்த்த அந்தச் சந்தனக் கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“தெரியுமுங்க” என்றார்.

“தெரிஞ்சா ஏனுங்க சொல்லலே?”

“பொட்டைச் சொரண்டிட்டு வாங்கன்னு நான் எந்த வாயால சொல்றதுங்க வாத்தியாரய்யா? உங்க மாமனார் தப்பா நெனைக்க மாட்டாருங்க. அவரு நெனைக்காட்டி அவரு பங்காளி நெனைப்பாரு. சாயபு சாமி பொட்டைச் சொரண்டச் சொன்னான்னு காரமடைத் தேருக்குள்ள ஊரெல்லாம் ஆயிருக்குமுங்க. அதான் ஊட்டுலயே பாத்துக்குங்கன்னேன். நீங்க படிச்சவுங்க கூட இருந்தீங்க, புரிஞ்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன்.”

விசாரணை நாளில் நான் இன்னொரு தாள் எழுதிக் கொண்டுபோனேன். இதில் படம் இல்லை. சூத்திரம் இல்லை. குறிக்காயின் மேல் சந்தனம் படிந்திருந்தது, எடுத்ததும் துப்பாக்கி சரியாகச் சுடுகிறது, குழலில் பழுதில்லை, என் முந்தைய முடிவு தவறு என்று நாலு வரி. அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க.”

“இது ரெண்டு கலரில், கணக்கோட, விஞ்ஞான முறையில் இருக்கு. இதில் சந்தனம், குங்குமம்னு இருக்கு.” முதல் தாளை மெச்சுகிற மாதிரி தட்டினார். “மனுக்காரரும் மனுவை வாபஸ் வாங்கல. யாரோ உங்களைச் சிபாரிசு பண்ணச் சொல்லியிருக்காங்க போலிருக்கு. பரவாயில்லை, மனசு இளகினவர் நீங்க.”

முதல் தாள் தப்பு என்று மன்றாடினேன். சூத்திரத்தில் எங்கே தப்பு, காட்டுங்கள் என்றார். சூத்திரத்தில் தப்பு இல்லை. அதுதான் வினையே. அன்றே சாயபுவின் லைசென்ஸ் போயிற்று.

மாமனார் அதற்கப்புறம் குறி தப்பவில்லை. மலையடிவாரத்தில் பெரிய சூரர் ஆகிவிட்டார். பங்காளி தன் தோட்டத்துப் பன்றியைச் சுட அவரைக் கூப்பிட்டனுப்பினார், வெற்றிலை பாக்கு வைத்து. சாயபு பட்டறையைக் காலி செய்துகொண்டு கணபதி என்ற ஊர்ப் பக்கம் போய், பூட்டு, தையல் மிஷின் என்று கிடைத்ததைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். துப்பாக்கியைத் தொட்ட கை பூட்டைத் தொடுகிறதே என்று எனக்குத் தோன்றும், நான் அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்துப் போகவேண்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பு கெட்டுவிட்டது. காற்றில்லாத கண்ணாடிக் குழாய்க்குள் இறகும் காசும் ஒன்றாக விழுவதைப் பையன்களுக்குக் காட்டுவதற்கு உள்ளது. வேறு யாராலும் சரிபண்ண முடியவில்லை. சாயபு “வாங்க வாத்தியாரய்யா” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். பம்பைப் பிரித்து, தோல் வாஷரை மாற்றி, என் எதிரிலேயே இழுத்துக் காட்டினார். புதுசு மாதிரி வேலை செய்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நான் எழுந்து நின்றுகொண்டு, அன்றைக்கு என் கணக்கு தப்பாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

“கணக்குத் தப்பில்லீங்க” என்றார் சாயபு, பம்பைக் காகிதத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டே. “அந்தத் தாளை ஆள் வெச்சுப் படிச்சுக் கேட்டனுங்க. பூமிக்கு ரெண்டு அங்குலம் எழுதியிருந்தீங்க, அது சரிதான். மிச்சம் பத்து அங்குலம் என்னன்னு உங்களுக்குத் தெரியலீங்க. அந்த எடத்துல என்னைய எழுதிப்போட்டீங்க.”